சிங்கப்பூரிலிருந்து வந்த யாளி

எங்கள் வீட்டுக்குள் பளபளப்பாக எது வந்தாலும் அது முதலில் அப்பாவின் கட்டைவிரலைத் தாண்டியாக வேண்டும். கையில் வாங்குவார். வாசற்படிக்குக் கொண்டுபோய் வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்புவார். பிறகு வலது கட்டைவிரல் நகத்தால் ஓரமாக ஒரு சுரண்டு. அதற்குப் பிறகுதான் அந்தப் பொருள் அலமாரிக்கோ சுவருக்கோ போகும்.

அப்பா பட்டு நெய்பவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான் என்றாலும், ஜரிகை நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் எங்கள் வீட்டைத் தேடித்தான் வருவார்கள். அசல் ஜரிகைக்கு நடுவே சிவப்புப் பட்டு நூல் ஓடும். அதன்மேல் வெள்ளியைச் சுற்றி, அதற்கும் மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள். சுரண்டினால் உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப் பார்க்க வேண்டும். வேறு எந்த நிறம் தெரிந்தாலும் அது டூப்பு. இந்த வேலைக்காகவே அப்பா அந்த ஒரு நகத்தை வளர்த்து வைத்திருந்தார். பட்டு நெய்கிறவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் இழை மாட்டிக்கொண்டு அறுந்துபோகும். அப்பாவுக்கும் அவ்வப்போது அறுந்துபோகும், தறிக்குழியிலிருந்து திட்டும் சத்தம் கேட்கும். ஆனாலும் அந்த நகத்தை அவர் வெட்டியதில்லை.

புடவையைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் அப்பா அதிகம் பேச மாட்டார். 'சுத்தம்' என்பார், அல்லது 'டூப்பு' என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. முதல் சொல்லைக் கேட்டவர்கள் காபி குடித்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைக்காரனைத் தேடி ஓடுவார்கள்.

கஷ்டம் என்னவென்றால், இந்தப் பழக்கம் ஜரிகையோடு நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தங்கக் கலரில் பிள்ளையார் அச்சடித்திருந்தால் அவருடைய தும்பிக்கையில் ஒரு கோடு இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் விளிம்பில் ஒரு கோடு. இனிப்புப் பெட்டியின் மூடியில் ஒரு கோடு. ஓவியப் போட்டியில் நான் வாங்கி வந்த மெடலையும் அப்பா சுரண்டினார். "பித்தளை" என்றார். சொல்லிவிட்டு, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். நான் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். பெண் பார்க்க வந்த அன்று தன் மூக்குத்தி மட்டும்தான் தப்பித்தது என்று அம்மா சொல்வாள்.

இப்படிப்பட்ட அப்பாவுக்கு வாய்த்த மச்சான்தான் என் சின்ன மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கதை அளப்பதில் அவரை அடித்துக்கொள்ள காஞ்சிபுரத்தில் ஆள் கிடையாது. திருப்பருத்திக்குன்றம் பக்கத்தில் நிலம் வாங்கிவிட்டதாக ஒரு போட்டோவைக் காட்டினார். யாருடைய வயலிலோ இறங்கி இடுப்பில் கைவைத்து நின்று எடுத்த படம் அது. ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நீந்தியதாகச் சொன்னார். பாலாற்றில் எப்போது வெள்ளம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவு அழகாகச் சொல்வார். எனக்கு அவர் சொல்லும் எல்லாமே உண்மைதான். மாமா வீட்டுக்கு வந்தால் நான் வேறு எங்கும் போக மாட்டேன்.

ஆனால் ஒரு கதை அப்பாவைச் சுட்டுவிட்டது. டைப்ரைட்டிங் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டதாக மாமா சொன்னதை நம்பி, நெசவாளர் சங்கத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு அப்பா அவருக்காகப் பேசினார். வாழ்க்கையில் அப்பா யாருக்காகவும் அப்படிப் போய் நின்றதில்லை. சங்கத்தில் மாமாவை மெஷின் முன்னால் உட்கார வைத்தபோது, அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாராம். "ஜரிகையைப் பாக்கத் தெரிஞ்ச உனக்கு ஆளைப் பாக்கத் தெரியலையேபா" என்று யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா மாமாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி. கொஞ்ச நாளில் மாமா ஒரு ஏஜெண்ட் மூலமாக சிங்கப்பூர் போனார்.

அவர் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். டிவியில் சாயங்காலம் ஜப்பான் கார்ட்டூன் ஒன்று வரும். விதவிதமான மிருகங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். அந்த மிருகங்களின் படம் போட்ட சீட்டுகள் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பித்துப்பிடிக்க வைத்திருந்த காலம். பள்ளிக்கு எதிர்க் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். எங்கேயோ பக்கத்து ஊரில் அச்சடித்தவை, கையில் எடுத்தால் மை ஒட்டும். சீட்டு என்று யாரும் சொல்ல மாட்டோம், கார்டுதான். ஒவ்வொரு கார்டின் மேல் மூலையிலும் அந்த மிருகத்தின் பலம் எவ்வளவு என்று ஒரு நம்பர் இருக்கும். பெரிய நம்பர் சின்ன நம்பரை அடித்து வாங்கிக்கொண்டு போகும். இதுதான் எங்களுக்குத் தெரிந்த ஆட்டம்.

மாமா பெட்டியைத் திறந்தார். அம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் புடவை, அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட். டார்ச்சின் வெள்ளி விளிம்பு உடனே சுரண்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக எனக்கு. கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு கார்டு.

அதில் இருந்த மிருகம் மயிலுக்கும் முதலைக்கும் பிறந்தது போல இருந்தது. வாய் பிளந்து, கொம்பு முளைத்து, பின்னங்காலில் எழும்பி நின்றது. சுற்றிலும் எனக்குப் புரியாத ஜப்பான் எழுத்து. மிருகத்துக்குப் பின்னால் முழுக்கத் தங்கம். திருப்பினால் தங்கம் பச்சையாகும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் நீலமாகும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மயில்கழுத்துக் கலரு!" என்றாள். அப்பாவும் தறியைவிட்டு எழுந்து வந்தார். "இது யாளிதான். வரதர் கோயில் தூண்ல இருக்குதே, அதேதான். ஜப்பான்காரன் இங்க வந்து பாத்துட்டுப் போயிருக்கான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் யாளி.

மாமா அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் குடோனில் பெட்டி இறக்கும் வேலை பார்த்தாராம். ஊருக்குக் கிளம்பும் அன்று முதலாளி ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, உடைத்துப் பார் என்றாராம். உடைத்தால் இந்தக் கார்டு. கடையில் இருந்த அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்களாம். அங்கேயே ஒருவர் விலைக்குக் கேட்டாராம். "நான் குடுக்கல. எங்க அக்கா பொண்ணுக்குன்னு சொல்லிட்டேன்" என்றார் மாமா. கார்டின் அடி மூலையில் கடுகளவு ஒரு நட்சத்திரம். இடது பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு முத்திரை. அந்த நட்சத்திரம் இருந்தால் கிடைப்பதே அபூர்வம் என்று அர்த்தமாம். அந்த முத்திரை இருந்தால் முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை போட்ட அச்சிலேயே, வந்தது என்று அர்த்தமாம். "இத உறையவுட்டு வெளிய எடுக்காதமா. ஒரு சின்ன மடிப்பு வுழக்கூடாது. நீ பெரிய பொண்ணா ஆவும்போது இதுக்கு ஒரு கல்யாணப் புடவை விலை வரும்" என்றார்.

அப்பா சிரித்தார். வெறும் காகிதத்துக்கு எப்படி அந்த விலை வரும் என்று கேட்டார். மாமா தறியின் மேலே கையைக் காட்டினார். புடவையில் எந்த டிசைன் விழவேண்டும் என்று தீர்மானிக்கும் ஓட்டை போட்ட அட்டைகள் அங்கே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "ஒரு டிசைன்ல நாலு புடவை நெய்ஞ்சிட்டு அந்த அட்டைய அடுப்புல போட்டுட்டா, அஞ்சாவது புடவை வருமா மாமா? அப்ப அந்த நாலுக்கு இன்னா விலை?" என்றார். அக்காள் வீட்டுக்காரரை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"அப்பவும் ஜரிகை சுத்தமா இருக்கணும் இல்ல?" என்றார். சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

மறுநாள் கார்டை உறையோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் வகுப்பில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஒரு பையன் இருந்தான். கார்டு விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் பையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக இருக்கும். அவன் என் யாளியை வாங்கி, நட்சத்திரத்தையும் பார்க்காமல், முத்திரையையும் பார்க்காமல், மேல் மூலையை மட்டும் பார்த்தான். "எண்பதுதானா? என்கிட்ட நூத்தி இருபதே நாலு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். என் தலை சுற்றியது. மாமா கண்ணுக்கு அதன் மதிப்பு அடி மூலையில் இருந்தது. இவன் கண்ணுக்கு மேல் மூலையில் இருந்தது. அப்பாவோ அது உள்ளே இருக்க வேண்டும் என்கிறார். ஒரே ஒரு கார்டை எத்தனை பக்கத்திலிருந்துதான் பார்ப்பது?

இந்தச் சமயத்தில்தான் ஐயம்பேட்டைப் பேச்சு வந்தது. மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். ஐயம்பேட்டையில் அவர்களும் தறிக்காரர்கள்தான். பெண்ணை எனக்குத் தெரியும். கருட சேவைக் கூட்டத்தில் நான் செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றபோது, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்த அக்கா. மாமாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் பெயரை யாராவது சொன்னால் மாமா கதை அளப்பதை நிறுத்திவிடுவார், அதை வைத்தே நான் கண்டுபிடித்தேன். பெண்ணின் அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. "உங்க வூட்டுக்காரரு வந்து பையன் நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. அவரு வாயால வந்தா போதும்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒரு வாட்டி போயி நின்னேன். இன்னும் அந்தச் சங்கத்துப் பக்கம் தலைநிமிர்ந்து போவ முடியல. இவன் சொல்றதுல எது நெசம் எது பொய்யின்னு தெரியாம, இன்னொருத்தன் பொண்ணுக்கு நான் எப்படி வார்த்தை குடுக்கறது?" என்றார். அம்மா அழுதாள். இரண்டு நாள் குழம்பில் உப்பு போடாமல் வைத்தாள். அப்பா அதையும் சாப்பிட்டார். பெண் வீட்டார் வேறு இடம் பார்க்கப் போவதாகச் செய்தி வந்தது. இது நடக்காவிட்டால் திரும்பவும் சிங்கப்பூர் போய்விடுவேன் என்று மாமா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மாமா போனால் வீட்டில் மறுபடியும் தறிச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

அப்பாவிடம் நேரே போய் நின்றேன். மாமா சொன்னதில் ஒன்றாவது நிஜம் என்று தெரிந்தால் போவீர்களா என்று கேட்டேன்.

"எது?"

"யாளி கார்டு. அது அசல்னு தெரிஞ்சா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மட்டும் அசலா இருக்கட்டும், இன்னிக்கே சட்டையப் போட்டுக்கினு ஐயம்பேட்டைக்குக் கெளம்பறேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா விளையாட்டாகச் சொன்னாலும் வார்த்தை மாற மாட்டார் என்று எனக்கும் தெரியும், அடுப்படியில் நின்றிருந்த அம்மாவுக்கும் தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

நான் ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்தேன். அது அசல்தான் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. அசலை அப்பாவின் நகம் ஒன்றும் செய்யாது. அப்படித்தான் நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். சுத்தமான புடவைகள் எல்லாம் அந்த நகத்தைத் தாண்டிவிட்டுச் சிவப்பு காட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கின்றன. உறையை நானே பிரித்துக் கார்டை அவர் கையில் வைத்தேன்.

நடுப்பகல். வாசற்படியில் நல்ல வெயில். அப்பா யாளியைத் திருப்பினார். தங்கம், பச்சை, நீலம். "வேலை நல்லா பண்ணியிருக்கான்" என்று முணுமுணுத்தார். பிறகு அதன் கொம்பிலிருந்து வால் வரை குறுக்காக, நகத்தை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். மற்றப் பொருள்களுக்கு ஓரமாக ஒரு சுரண்டுதான். இதற்கு அப்படிப் போதாது என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒரு கல்யாணமே அதில் இருக்கிறதே.

கோடு விழுந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது. அப்பா இன்னொரு முறை அதே கோட்டில் நகத்தை ஓட்டினார். தங்கம் சுருண்டு சுருண்டு தூளாக உதிர்ந்தது. அதற்கு அடியிலும் வெள்ளைதான்.

"டூப்பு" என்றார்.

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து மாமா தெருவிலிருந்து படியேறி வந்தார். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். எங்களுக்கு போண்டா வாங்கி வந்திருந்தார். அப்பாவின் கையில் கார்டு உறையில்லாமல் இருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கார்டை வாங்கினார். கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். அவர் முகம் போன விதத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. "மாமா, இது…" என்று ஆரம்பித்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெறும் பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நெசம்தானே மாமா? சொல்லு மாமா, அப்பாகிட்ட சொல்லு" என்று நான் கத்தினேன்.

மாமா சிரித்தார். "டூப்புதான் மாமா" என்றார் அப்பாவிடம். "அங்க ரோட்டோரம் கூடையில கொட்டி வெச்சி விக்கிறான். கொழந்தை சந்தோஷப்படட்டுமேன்னு அளந்து வுட்டேன்."

அப்பா மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். நகத்துக்கு அடியில் தங்கத்தூள் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"இது வரைக்கும் எவ்ளோ அளந்திருப்ப. ஒண்ணையாவது பொய்யின்னு உன் வாயால ஒத்துக்கினியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"இன்னிக்கு ஒத்துக்கினியே" என்றார் அப்பா. அம்மா பக்கம் திரும்பி, "என் சட்டைய எடு. ஐயம்பேட்டைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கார்டு அசலாக இருந்தால் போகிறேன் என்றார். அது டூப்பு என்று அவரே தீர்ப்புச் சொன்னார். டூப்பு என்றதும் கிளம்பிவிட்டார். பொய் சொன்னதற்காக வார்த்தை கொடுக்க மாட்டேன் என்றவர், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டதற்காகப் போகிறார். அப்படியென்றால் கல்யாணம் ஆகாத எல்லோரும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டால் போதுமா? அம்மாவிடம் கேட்டேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே, "பெரியவங்க விஷயம், உனக்குப் புரியாது" என்றாள். அவளுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு போண்டாவை எடுத்து நின்றபடியே தின்றாள்.

ஐயம்பேட்டையில் அப்பா பேசியது பிறகு ஊரெல்லாம் தெரிந்தது. "பையன் கதை அளப்பான், அத நான் மறைக்கல. ஆனா பொண்ணக் குடுக்கலாம். சுத்தம்" என்றாராம். ஒரு மனிதனைப் பற்றி அப்பா அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெண்ணின் அப்பா உடனே வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொல்லிவிட்டாராம்.

எனக்கு மாமாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கன்றுக்குட்டி பொய்யாக இருக்கலாம், நிலம் பொய்யாக இருக்கலாம். எனக்கென்று கொடுத்ததும் பொய்யா? கூடையிலிருந்து எடுத்த ஒன்றைத்தான் நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேனா? கல்யாணத்தில் எல்லோரும் மாப்பிள்ளையோடு போட்டோ எடுத்துக்கொண்டபோது நான் போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் புது அத்தைதான் வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தப் படத்தில் மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கார்டை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. டூப்பாக இருந்தாலும் யாளி யாளிதானே. உறையில் போட்டு, மெடலோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்தபோது அந்த டப்பாவும் கூடவே வந்தது.

போன வருஷம் என் பையனுக்கு இந்தக் கார்டுப் பைத்தியம் பிடித்தது. அதே மிருகங்கள். இப்போது அது பெரியவர்கள் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. பழைய கார்டுகளை வாங்கி விற்கும் ஒரு கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில், என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று யாளியை எடுத்துப் போனேன். பையன் சிரிக்கட்டும் என்றுதான். அங்கே கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்த இளைஞர் முதலில் அடி மூலையைப் பார்த்தார். நட்சத்திரம். பிறகு இடது பக்கம் பார்த்தார். முத்திரை. அதன் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஈட்டில் அச்சடித்தது, சந்தேகமே இல்லை என்றார். நேரில் பார்ப்பது தனக்கே இதுதான் முதல் தடவை என்றார்.

"மேடம், இதை யார் கீறினது?" என்று கேட்டார். அவர் குரலில் நிஜமாகவே வலி இருந்தது. கோடு இல்லாமல் இருந்தால் என்ன விலை போயிருக்கும் என்றும் சொன்னார். ஒரு கல்யாணப் புடவை விலை என்று மாமா அன்றைக்குச் சொன்னது, அவர் வாழ்க்கையில் குறைத்துச் சொன்ன ஒரே விஷயமாக இருக்கும். கடைக்கு வெளியே வந்து பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றேன். அழுகை வந்தது. யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த தடவை காஞ்சிபுரம் போனபோது கார்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். மாமா இப்போது தேரடிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார். அத்தையோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் அப்பா வழக்கம் போல என் பையனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கதையை எடுத்தார். "உன் சின்னத் தாத்தா ஜென்மத்துல ஒரே ஒரு தடவைதான் நெசம் பேசியிருக்கான். எப்பன்னு கேளு" என்று ஆரம்பித்தார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து, சரியான இடத்தில் தலையாட்டி, சரியான இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

மாமா தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனபோது அவரிடம் கார்டைக் கொடுத்தேன். கடையில் காட்டினேன் என்றேன். அவர் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். அன்று ஓட்டினாரே, அதே மாதிரி.

"இன்னா சொன்னான்?"

"அசல்னு சொல்றான் மாமா."

உள்ளே அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "அவனுக்கு இன்னாமா தெரியும்? உங்கப்பாவே பாத்துச் சொல்லிட்டாரு. டூப்புதான்" என்று கார்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வாசற்படியில் அவர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோது, சொல்வதற்கு ஒரு பொய்யைத் தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தேடியது சரிதான். யாருக்காகத் தேடினார் என்பதை மட்டும் எனக்குத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தான் கீறியது அசலை என்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாமலே போகட்டும் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன். நினைத்த உடனே வேறொன்று ஞாபகத்துக்கு வந்து என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அப்பா ஐயம்பேட்டைக்குப் போய்வந்த பிறகு, மாமா கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்க எல்லோரும் கடைக்குப் போனோம். புடவையை விரித்ததும் கடைக்காரர் பழக்கத்தில் முந்தானையை அப்பாவின் கட்டைவிரல் பக்கம் நீட்டினார். அப்பா ஒரு ஊசி கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். ஊசி முனையால் ஒரே ஓர் இழையைத் தொட்டுப் பார்த்தார். சிவப்பு. சுத்தம். பத்திரிகையோ மெடலோ டார்ச்சோ, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பொருளிலும் அப்பாவின் கோடு விழவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கடைக்காரர் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, நகம் எங்க?" என்று கேட்டார்.

"வெட்டிட்டேன்பா. படக்கூடாத எடத்துல பட்டுடுது" என்றார் அப்பா. தறியில் அறுந்துபோகும் பட்டு இழையைத்தான் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டு, நான் மாமா பக்கம் திரும்பாமல் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.